மூன்று திங்கள்கிழமைகளும் அரை ஆம்பியரும்

திங்கள் காலை 7.40. பல் டாக்டரின் கார் செத்துக் கிடந்தது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தொடர்ந்து மூன்றாவது திங்கள். போன வாரம்தான் புது பேட்டரி போட்டது, அதனால் அதன் மேல் பழி போட வழியில்லை. டாக்டர் பதினோரு வருட டிரைவரின் மேல் போட்டார்.

"சாவியக் குடுத்துட்டுக் கிளம்பு."

"நான் என்ன சார் பண்ணேன்?"

"வண்டிய நிறுத்திட்டு உள்ளயே உக்காந்து பாட்டு கேக்குற. சனிக்கிழமை நாலு இருபதுக்கு பிஸ்கட் தின்னுக்கிட்டு இருந்தியே, இல்லேன்னு சொல்லு பாப்போம்."

"தின்னேன் சார். பாட்டு போடல."

தெருவில் பாதிப் பேர் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மீதிப் பேர் தேய்த்துக்கொண்டே கேட்டார்கள். மாடி வீட்டு பிசிக்ஸ் டீச்சர் மட்டும் மல்டிமீட்டரோடு இறங்கி வந்தார். சனிக்கிழமை இதே டாக்டர் அவருடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதில் கன்னம் பந்தாக வீங்கியிருந்தது. வழக்கமாக முக்கால் மணி நேரம் பேசுகிறவரிடமிருந்து கேள்விகள் ஒற்றைச் சொல்லாக வந்தன.

"கடைசியா ஓட்டினது?"

"சனிக்கிழமை அஞ்சரை, டீச்சர். கிளினிக்ல இருந்து வீட்டுக்கு."

"ஞாயிறு?"

"எனக்கு லீவு. வண்டி நின்ன இடத்துலயே நிக்கும்."

"விளக்கு?"

"அணைச்சு, ரெண்டு தடவ பாத்துட்டுதான் போனேன்."

8.10. அடுத்த வீட்டு காரின் பேட்டரியை இரவல் வாங்கி மாட்டி, மீட்டரை இணைத்தார் டீச்சர். எல்லாம் அணைந்து தூங்க வேண்டிய கார், அரை ஆம்பியர் குடித்துக்கொண்டிருந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிடுங்கும் முறை இப்போது அவருடையது. ஏழாவதைப் பிடுங்கியதும் மீட்டர் படுத்துவிட்டது. அங்கிருந்து மெல்லிய கறுப்பு ஒயர் ஒன்று மேலேறி, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்தது. அதன் நுனியில் கட்டைவிரல் அளவு கேமரா. அது பார்த்தது ரோட்டை அல்ல, டிரைவர் சீட்டை.

"இவன் வேலையாத்தான் இருக்கும்," என்றார் டாக்டர். குரலில் தெம்பில்லை.

டீச்சர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, நீளமாகவே பேசினார்.

"டாக்டர், சனிக்கிழமை நாலுல இருந்து அஞ்சு வரைக்கும் உங்க ரெண்டு கையும் என் வாய்க்குள்ள இருந்துச்சு. அந்த ரூமுக்கு ஜன்னலும் கிடையாது. டிரைவர் அண்ணன் நாலு இருபதுக்கு பிஸ்கட் தின்னத எப்படிப் பாத்தீங்க? வண்டி நின்ன பிறகும் இது முழிச்சுக்கிட்டே இருக்கு. ஞாயிறு முழுக்கக் குடிச்சா, திங்கள் காலையில எந்த பேட்டரி எழுந்திருக்கும்?"

பிஸ்கட்டைக் கேட்ட தெரு, நேரத்தைக் கோட்டை விட்டிருந்தது.

"பெட்ரோல் குறையுதோன்னு ஒரு சந்தேகம். மாட்டி மூணு வாரம் ஆச்சு," என்றார் டாக்டர். "இதுதான் குடிக்குதுன்னு சத்தியமா தெரியாது."

"சத்தமும் பதியுமா?"

"பதியும்."

"அப்ப அவர் பாட்டு போடலன்னு உங்களுக்குத் தெரியும்."

டாக்டர் தரையைப் பார்த்தார். "தெரியும். எப்படித் தெரியும்னு கேட்டா என்ன சொல்றது?"

டிரைவர் கேமராவைக் காட்டினார். "வீட்டுல இருக்கவகிட்ட நான் போன்ல பேசினதும் கேட்டீங்களா சார்?"

டாக்டரின் காது மடல்கள் சிவந்தன.

"தப்புதான்ப்பா. நீ எங்கயும் போக வேணாம்."

டிரைவர் காரின் சொந்த பேட்டரியைத் திரும்ப மாட்டினார். அடுத்த வீட்டு காரிலிருந்து கேபிள் போட்டு எஞ்சினைக் கிளப்பினார். பிறகு இறங்கி, கதவைத் திறந்து பிடித்தார்.

"ஒரு மணி நேரமாவது ஓடினாத்தான் சார் பேட்டரி ஏறும்."

"சரி, எடு. போலாம்."

"நீங்க ஓட்டுங்க."

டாக்டர் ஏறி உட்கார்ந்தார். கால் எட்டவில்லை. சீட்டை முன்னால் நகர்த்தும் பிடி எங்கே என்று கேட்க நிமிர்ந்தபோது, டிரைவர் தெருமுனையைத் தாண்டியிருந்தார்.