மஞ்சள் பட்ட கழுத்துப்பட்டி

"கண் எங்க?"

"கப்பல்ல..."

மோதிக்கொண்டதும் அவன் கேட்டான், அவள் சொன்னாள். இப்படித்தான் அவர்களுடைய முதல் பேச்சு அமைந்தது. அழகான தொடக்கம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பூரணத்தைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டாவது உலகச் சண்டை தொடங்கி ஐந்து வருடமாகக் கப்பல் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன திருகோணமலைக்காரர்களே அன்று வாய் பிளந்து நின்றார்கள். விமானங்களை முதுகில் சுமந்துகொண்டு ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது... கப்பலா அது? ஊர் ஒன்று பெயர்ந்து வருகிறதா? அதன் விளிம்பு நெடுக வெள்ளைச் சட்டை மாலுமிகள் ஆடாமல் அசையாமல் நின்றார்கள். கார்த்திகை மழை சோவென்று கொட்ட, தைத்த துணிமூட்டையை இடுப்பிலும் கிண்ணியாத் தயிர் நிரம்பிய மண்முட்டியைக் கையிலும் வைத்துக்கொண்டு, முகத்தைக் கடலுக்குத் திருப்பியபடியே ஸஹாப்தீன் நானாவின் துணிக்கடைத் தாழ்வாரத்துக்கு ஓடினாள் உப்புவெளிப் பூரணம்.

அங்கே ஏற்கெனவே ஒருவன் நின்றான்.

மோதினாள். மண்முட்டி உடைந்தது. தயிர் முழுவதும் அவன் நெஞ்சில்!

வெள்ளை டிறில் துணிக் கோட்டு, கத்தி மடிப்புக் காற்சட்டை, ஒரு மயிர்கூட விலகாத தலை, கழுத்தில் கருநீலக் கழுத்துப்பட்டி. இல்லை, ஒரு நிமிடத்துக்கு முன்புவரை கருநீலமாக இருந்த கழுத்துப்பட்டி. பூரணம் நிமிர்ந்து பார்த்தாள். கோபத்தில் சிவந்த கண்கள்... ஆனால் இமைமயிரில் மழைத்துளி தொங்கிக்கொண்டிருந்ததால் அந்தக் கோபத்தை முழுதாக நம்ப முடியவில்லை. ஐயோ, ஓர் ஆணுக்கு இவ்வளவு நீண்ட இமைமயிரா என்று அந்த நேரத்திலும் அவளுக்கு அதிசயமாக இருந்தது.

"தயிர் போச்சு," என்றாள்.

"தயிரோ? என்ர ரை போச்சு! சண்டைக்கு முந்திக் கொழும்பில வாங்கினது. லண்டன் சாமான். இனி தலைகீழா நிண்டாலும் கிடையாது!"

கெஞ்சத்தான் வாய் திறந்தாள். வந்தது வேறு. "கழுத்தில கட்டுற ஒரு துண்டுத் துணிக்கு இவ்வளவு கதையோ? எங்கட மாடு கழுத்துக்கயிறு அறுந்தாக்கூட இப்பிடிக் கத்தாது!"

அவன் திகைத்தான். உதட்டோரம் துடித்தது. சிரிக்கப் போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அவன் குனிந்து தன் கோட்டைப் பார்த்தான். அந்தச் சிரிப்பு அங்கேயே செத்தது. விறுக்கென்று போய்விட்டான்.

"கப்பல் திருத்துற டொக்யாட்டில படம் கீறுற இராசநாயகம் தம்பி," என்றார் ஸஹாப்தீன் நானா. "சப்பாத்தில சேறு படும் எண்டு மழைக்காலத்தில ஊரைச் சுத்திப் போற ஆள். அவரிலயே ஊத்தினீங்களே மகள்!"

ஒரு கிழமை கழித்து, தைத்த சட்டைகளைக் கொடுக்க அதே கடைக்கு வந்தாள். தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் நின்று நானாவின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தர் வேண்டாம் நானா. போன வருசம் குடுத்தனான், 'கலியாண வீட்டு மணம் அக்கா' எண்டிட்டான். முகம் துடைக்கிற லேஞ்சி? அவனிட்ட பன்ரெண்டு இருக்கு, பன்ரெண்டும் தானே இஸ்திரி போடுவான். சட்டை எடுத்தா கொலர் பிழை. வாற புதன் அவன்ர பிறந்த நட்சத்திரம், நான் என்னத்தைக் குடுப்பன்?"

பார்க்கப் பாவமாக இருந்தது. பூரணத்துக்கு வாய் சும்மா இருக்குமா?

"அக்கா, அவருக்குப் பிடிக்காததையே சொல்லுறீங்கள். அவர் எதை இழந்துபோட்டு யோசிச்சுக்கொண்டு இருக்கிறார்? அதைக் குடுங்கோவன்."

அந்தப் பெண், அன்னலட்சுமி, கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள். "இழந்ததோ... ஒரு ரை. ஆரோ ஒரு கண் தெரியாத பெட்டை தயிரைக் கொட்டிப்போட்டாள்."

நானா பலமாக இருமினார். பூரணத்தின் காது சூடேறியது. ஒளித்து என்ன பயன்?

"நான்தான் அக்கா அந்தப் பெட்டை."

அன்னலட்சுமி ஒரு கணம் முறைத்தாள். பிறகு அலுமாரியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்தபின் குரல் இறங்கியது.

"அவனைப் பகட்டுக்காரன் எண்டு நினையாத பிள்ளை. எங்கட ஐயா செத்த வருசம் அவனிட்ட ஒரே ஒரு சட்டை. தோய்ச்சு, காய முந்திப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவான். 'ஈரச்சட்டை' எண்டுதான் மற்றப் பிள்ளையள் கூப்பிடுறது. முதல் சம்பளத்தில வாங்கினது அந்த ரை."

தான் மாட்டுக் கயிற்றோடு ஒப்பிட்டது பூரணத்தைக் குத்தியது.

"அந்தப் பழுதான ரையை எனக்குத் தாங்கோ அக்கா. புதுசா ஒண்டு நான் தைச்சுத் தாறன்."

தருவதாகச் சொல்லிவிட்டாள். அதுவரை அவள் ஒரு கழுத்துப்பட்டியைக் கையால் தொட்டதுகூட இல்லை!

அன்னலட்சுமி கொண்டுவந்து கொடுத்த பழைய கழுத்துப்பட்டியை வீட்டு யன்னலோரம் இருந்து மெல்லப் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க அவளுக்குப் புல்லரித்தது. சாதாரணத் துண்டுத் துணியா இது? துணியை நேராக வெட்டாமல் கோணலாக வெட்டியிருந்தார்கள். அதனால்தான் அது கழுத்தோடு வளைகிறது. உள்ளே மேலிருந்து கீழ்வரை ஒரே ஒரு நூல். எங்கும் இறுக்காமல், இளக்கமாக, துணிக்கு மூச்சுவிட இடம் விட்டு ஓடியது. எங்கோ கடலுக்கு அப்பால் முகம் தெரியாத ஒரு தையற்காரர் அந்த நூலை இழுக்காமல் நிறுத்திய இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிள்ளைத்தாய்ச்சி வயிற்றைத் தொட்டதுபோல் கை கூசியது.

சண்டைக்காலத்தில் பட்டுக்கு எங்கே போவது? பெட்டியைத் திறந்தாள். கருநீலப் பட்டுத் தாவணி... கோணேசர் தேருக்கு ஒரே ஒரு முறை உடுத்தது. கத்தரிக்கோலை அதன் விளிம்பில் வைத்தாள். அம்மா கண்டால் வீடு இரண்டாகும். வெட்டினாள்.

மூன்று பகல் தைத்தாள். ஒவ்வொரு தையலிலும் அந்த ஈரச்சட்டைச் சிறுவன் கண்ணுக்குள் வந்து நின்றான். அவனோடு, இமைமயிரில் மழைத்துளி தொங்க இன்னொருவனும் வந்து நின்றான். முடிந்ததும், புதுத்துணி எதுவானாலும் செய்வதுபோல, உள்மூலையில் ஒரு பொட்டு மஞ்சளைத் தொட்டு வைத்தாள். உடுத்துபவர் நன்றாக இருக்கவேண்டும்... கைப்பழக்கம். யோசித்துச் செய்ததில்லை.

அன்னலட்சுமி அதைக் கையில் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பழைய கழுத்துப்பட்டியிலிருந்து முன்பே கழற்றி வைத்திருந்த, 'லண்டன்' என்று எழுதிய சிறு துணித்துண்டைத் தயங்கித் தயங்கி நீட்டினாள்.

"இதையும் வைச்சுத் தைச்சுவிடு பிள்ளை. ஊரில தைச்சது எண்டா அவன் தொடவும் மாட்டான். ஆருக்கும் சொல்லாத."

சுருக்கென்றது. ஆனாலும் தைத்தாள். மஞ்சள் பொட்டுக்கு மேலேயே அந்த லண்டன் உட்கார்ந்துகொண்டது.

பிறந்தநாள் கழிந்த வெள்ளி, பூரணம் கடைப்படி ஏறும்போதே உள்ளே அவன் குரல் கேட்டது.

"பாருங்கோ நானா, தையலைப் பாருங்கோ! கழுத்தில கிடக்கிற பாரமே தெரியேல்ல. அக்கா எங்க பிடிச்சாவோ! வெள்ளைக்காரன்ர கை எண்டா கைதான். எங்கட ஆக்களுக்கு இந்த நுணுக்கம் ஏலாது."

அவன் அதைத் தடவிய விதம்... கோயில் திருநீற்றைத் தொடுவதுபோலத் தொட்டான். அந்த வியப்பெல்லாம் அவளுக்கு உரியது. ஒரு துளிகூட அவளை வந்து சேரவில்லை.

அவன் திரும்பினான். கண்ணில் குறும்பு மின்னியது. "ஆ, தயிர்க்காரி! தள்ளி நில்லுங்கோ, இது புது ரை."

விளையாட்டாகத்தான் சொன்னான். அவளுக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பயப்பிடாதையுங்கோ. இனி உங்கட நிழலுக்கும் கிட்ட வரமாட்டன்."

துணிமூட்டையை மேசையில் போட்டுவிட்டு மழைக்குள் இறங்கிவிட்டாள். பின்னால் "நில்லுங்கோ... பகிடிக்குச் சொன்னனான்..." என்று கேட்டது. நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் பட்டணம் போகவே இல்லை. தைத்ததைப் பக்கத்து வீட்டு றுக்கியா மாமியிடம் கொடுத்தனுப்பினாள். ஒரு கிழமை... இரண்டு... மூன்று. மழை விட்டபாடில்லை. சொல்லிவிட்டிருக்கலாம், அது என் கை என்று. சொன்னால்? 'ஊர்த் தையலோ' என்று கழற்றி எறிந்துவிட்டால்? அதைத் தாங்க அவளால் முடியாது. ஊசி விரலில் குத்தியது. அன்றுமட்டும் நாலாவது தரம்.

பின்னேரம். வாசலில் சைக்கிள் மணி.

எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றாள். இராசநாயகம்! குடை இல்லை. முழங்கால்வரை உப்புவெளிச் சேறு. எண்ணெய் போட்டு வாரிய தலை நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது. சப்பாத்து இரண்டும் என்ன நிறம் என்றே தெரியவில்லை. சேற்றுக்குப் பயந்து ஊரைச் சுற்றிப் போகிற மனிதன்...

"ஒண்டு கேக்கவேணும்," என்றான் மூச்சு வாங்க. கழுத்தில் கருநீலப் பட்டு நனைந்து கிடந்தது. அதைத் திருப்பிப் பிடித்தான். "லண்டனில ஆர் மஞ்சள் பூசுறது?"

லண்டன் துண்டு இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அங்கே மழையில் கசிந்து பரவிய மஞ்சள் ஒரு காசளவு படர்ந்திருந்தது.

பூரணம் அந்த மஞ்சளையே பார்த்தாள்.

"போன கிழமை மழையில நனைஞ்சு லண்டன் துண்டெல்லாம் மஞ்சளாப் போச்சு. பிரிச்சுப் பாத்தன். பொட்டு! மூண்டு நாளா அக்காவை அரிச்சன், நேற்றுத்தான் வாயைத் திறந்தவ. ஆரின்ர கை, ஆரின்ர தாவணி எண்டு..." குரல் உடைந்தது. "ஆரோ ஒரு வெள்ளைக்காரன்ர கையை இவ்வளவு நாளும் நான் கும்பிட்டனான். உங்களுக்கு முன்னாலயே உங்கட கையைப் பழிச்சனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"ஊர்த்தையல் எண்டா தொடமாட்டீங்களாமே?"

"ஈரச்சட்டைக்காரனுக்கு லண்டன் துண்டு வேண்டிக்கிடந்தது. இனி வேண்டாம்." ஓர் அடி கிட்ட வந்தான். "பிறந்ததிலயிருந்து ஒருத்தரும் எனக்குப் புதுத்துணிக்கு மஞ்சள் வைச்சதில்லை, பூரணம். அம்மா என்னைப் பெத்த கையோட போயிட்டா. ஐயாவுக்கு இதெல்லாம் தெரியாது."

அவள் கண் நிறைந்துவிட்டது.

"அண்டைக்குத் தாழ்வாரத்தில, கப்பலைப் பாத்துக்கொண்டு ஓடி வந்தீங்களே... நான் அந்தக் கப்பலைப் பாக்கேல்ல. உங்கட கண்ணைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். அதுதான் விலகேல்ல. இப்பிடி அதிசயமா ஒருத்தி ஒருக்கா என்னைப் பாக்கமாட்டாளோ எண்டுதான் இவ்வளவு காலமும் உடுத்தித் திரிஞ்சனானாக்கும். நாளைக்கு அக்காவை உங்கட அம்மாவோட கலியாணம் கதைக்க அனுப்பவோ? நீங்கள் ஓம் எண்டாத்தான்."

குசினிக்குள் அம்மா பாத்திரத்தை நங்கென்று வைக்கும் சத்தம் கேட்டது. தெற்கே துறைமுகத்தில் பெரிய கப்பல் ஒன்று ஊதியது. அந்த ஊதலுக்கு உப்புவெளி யன்னல்கள் எல்லாம் அதிர்ந்தன. தெருவில் போனவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

பூரணம் மட்டும் திரும்பவில்லை.

"கண் எங்க?" என்றான் அவன், மெதுவாக.

இமைமயிரில் அதே மழைத்துளி. எத்தனை கப்பல் வந்தென்ன...

"இங்கதான்," என்றாள் பூரணம். "ஓம்."