சக்கரம் விரித்த விமானம்

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே நர்கீஸ் நடத்திய பிரவுசிங் சென்டருக்குப் பரீட்சை முடிவு பார்க்கவும் ஜாதகம் எடுக்கவும்தான் ஆட்கள் வருவார்கள். செத்துப்போன அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒருத்தி படியேறி வந்தது 2004 ஜனவரியில்தான்.

வந்தவள் பெயர் ஆனந்தி. திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருப்பவள். அவள் தேடி வந்தது மூலைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த முனியப்பனை. விமானப்படையில் ரேடார் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். சண்டையில் யார் எந்த விமானத்தை வீழ்த்தியதாகச் சொன்னார்கள், உண்மையில் எது விழுந்தது என்று இரண்டு நாட்டுக் கணக்கையும் ஒட்டிப் பார்ப்பதே அவருக்குப் பொழுதுபோக்கு. வேலையற்ற வேலை என்றுதான் நர்கீஸும் முதலில் நினைத்தாள். இப்போதெல்லாம் அவர் ஒருநாள் வராவிட்டால் அவளுக்குத்தான் இருப்புக் கொள்வதில்லை.

"எங்கப்பா சேவியர் எழுபத்தொண்ணு சண்டையில ஒரு விமானத் தளத்துக்குக் காவலா விமான எதிர்ப்புப் பீரங்கியில இருந்தாரு சார். ஒருநா பொழுது சாயுற நேரம் எதிரி விமானம் ஒண்ணச் சுட்டுத் தள்ளுனாரு. பட்டாளத்துக் காகிதத்துல தேதி போட்டு எழுதியிருக்கு. அவரு பேருல எங்க தெரு முக்குல நினைவுக் கல்லு வைக்கப் போறாக. குடியரசு தினத்தன்னிக்குத் தெறப்பு."

"நல்லதுதானம்மா."

"அதுக்குள்ள அப்பாகூட அதே பீரங்கிப் படையில இருந்த சுருளிவேலு, சேவுகம்பட்டிக்காரரு, முன்னாள் ராணுவத்தார் சங்கக் கூட்டத்துல எந்திரிச்சு, 'சேவியர் எதிரி விமானம் எதையும் சுடல, அந்தக் கல்ல வைக்காதீக'ன்னுட்டாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. இப்பத் தெருவே சிரிக்குது சார். அம்மா சோத்துல கைய வச்சுட்டு அப்படியே எந்திரிச்சுருது. அப்பா பொய் சொல்ற ஆளு இல்ல. நீங்கதான் நிரூபிச்சுத் தரணும்."

"பொறாமை சார்!" என்று நர்கீஸ் இடையில் புகுந்தாள். "தனக்கு ஒரு கல்லு இல்லைங்கிற வயித்தெரிச்சல். வேற என்ன?"

"செத்த நேரம் சும்மா இரு நர்கீஸ்" என்றார் முனியப்பன். பிறகு ஆனந்தியிடம், "அப்பா சொன்னத, சொன்ன மாதிரியே சொல்லும்மா. கூட்ட வேண்டாம், கொறைக்க வேண்டாம்."

"ஒரே ஒரு வாட்டிதான் சார் சொன்னாரு. நான் சின்னப் புள்ள. 'விமானத்துக்குச் சக்கரம் இருக்குமாப்பா'ன்னு கேட்டேன். 'இருக்கும் தாயி, மூணு சக்கரமும் கண்ணுக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு'ன்னாரு. சொன்னவரு அப்படியே எந்திரிச்சுப் போயிட்டாரு. அப்புறம் எத்தன தடவ கேட்டாலும் வாயத் தெறக்கல. தற்பெருமை பேசுறது அவருக்குப் பிடிக்காது."

முனியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஆனந்தி போனதும் அவர் திரையில் பக்கம் பக்கமாகத் தேட ஆரம்பித்தார். "ஒரு விமானம் விழுந்தா நாலு பீரங்கிக்காரனும் நாந்தான் சுட்டேம்பான். பொய்யில்ல, நாலு பேருமே சுட்டிருப்பான். அதனால சுட்டவன் சொல்ல நம்பிக் கணக்குப் போடக் கூடாது. இழந்தவன் என்ன இழந்தான்னு பாக்கணும்."

"எதிரி என்ன இழந்திருக்கான்?"

"காலையில ஒண்ணு. அந்த விமானத் தளத்துக்குப் பக்கத்துல. பைலட் பேரோட ஒத்துக்கிட்டிருக்கான். சாயங்காலம் ஒண்ணுமே இல்ல."

"தோத்தவன் மறைச்சிருப்பான்."

"காலையில விழுந்தத மறைக்காதவன் சாயங்காலம் விழுந்தத மட்டும் எதுக்கு மறைக்கணும்?"

நர்கீஸுக்குச் சுருக்கென்றது. அப்படியானால் ஆனந்தியின் அப்பா புளுகியிருக்கிறார். அந்தப் பெண்ணிடம் இதை யார் போய்ச் சொல்வது?

முனியப்பன் அதோடு எழுந்துவிடவில்லை. இன்னொரு பக்கத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்தார், அதைப் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். இளம் விமானி ஒருவரின் படம். கீழே பெனடிக்ட் என்று பெயர். எந்திரக் கோளாறில் விழுந்து இறந்தார் என்று ஒரு வரி. அதற்கும் கீழே பெங்களூரிலிருந்து அவர் தங்கை, என் அண்ணன் எப்படிச் செத்தார் என்று தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள் எனக் கேட்டிருந்தாள். மனுஷர் வேறு ஏதோ வேலைக்குத் தாவிவிட்டார் என்று நர்கீஸ் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அந்தி சாயும் நேரத்தில் இருவரும் ஆனந்தியின் வீட்டுக்குப் போனார்கள். முனியப்பன் சொல்லி அனுப்பியிருந்ததால் சுருளிவேலும் வந்து வாசலில் நின்றிருந்தார். ஒட்டிய கன்னம், தரையைப் பார்த்த பார்வை. நர்கீஸ் அவரை முறைத்தாள். உள்ளே ஆனந்தியும் அவள் தாய் இன்னாசியம்மாளும் ஜெபமாலை முடித்து, குடும்பத்தில் இறந்தவர்களை வழக்கம்போல் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தோணிராஜ் ஆன்மா இளைப்பாற... சேவியர் ஆன்மா இளைப்பாற... பெனடிக்ட் ஆன்மா இளைப்பாற..."

நர்கீஸ் திடுக்கிட்டு முனியப்பனைப் பார்த்தாள். அவர் முகத்திலும் அந்த அதிர்ச்சி இருந்தது.

எல்லோரும் உட்கார்ந்ததும் முனியப்பன் கேட்டார். "பெனடிக்ட் யாரு ஆனந்தி?"

"அம்மா வழியில ஒரு மாமா சார். நான் பாத்ததில்ல. சின்னதுல இருந்து அவருக்காக வேண்டுறோம்."

"அப்படியாம்மா?" என்று முனியப்பன் இன்னாசியம்மாளைக் கேட்டார்.

இன்னாசியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆனந்தி, உங்கப்பா பொய் சொல்லல" என்றார் முனியப்பன். "ஆனா குண்டு போட வாற விமானம் சக்கரத்த உள்ள மடக்கிக்கிட்டுத்தான் வரும். சக்கரத்த வெளிய விடுறது தரையில எறங்குறப்ப மட்டுந்தான். நம்ம தளத்துல எறங்க வந்தது யாரு விமானமா இருக்கும்?"

"நம்மளுதா சார்?" என்றாள் ஆனந்தி.

"எதிரி கணக்குல அந்தச் சாயங்காலம் எதுவும் விழல. நம்ம கணக்குல ஒண்ணு விழுந்திருக்கு, அதே தளத்துல. ஓட்டுனவரு பேரு பெனடிக்ட். எந்திரக் கோளாறுன்னு விமானப்படையில எழுதியிருக்காங்க. சந்தேகத்தோடதான் இங்க வந்தேன். உங்க ஜெபத்தக் கேட்டப்பறம் சந்தேகம் இல்ல." அவர் சுருளிவேல் பக்கம் திரும்பினார். "பொறாமைக்காரனா இருந்தா, சேவியர் குறி தப்புச்சு, சுட்டது நாந்தான்னு சொல்லியிருப்பீங்க. நீங்க அப்படிச் சொல்லல. எதிரி விமானத்தச் சுடலன்னு மட்டும் சொன்னீங்க. அன்னிக்கு உங்களுக்கு என்ன வேலை?"

"டெலிபோன்" என்றார் சுருளிவேல். "நம்ம விமானம் ஒண்ணு அடிபட்டுத் திரும்பி வருது, சுடாதீங்கன்னு சேதி வந்துச்சு. அத நான் பீரங்கிக்குச் சொல்லணும். அன்னிக்குக் காலையில போட்ட குண்டுல பக்கத்துல இருந்தவன் என் கண்ணு முன்னாலயே செதறிட்டான். சத்தம் கேட்டதும் போனைப் போட்டுட்டுப் பதுங்குகுழிக்குள்ள ஓடிட்டேன். எல்லாம் என்னாலதான் தாயி. உங்கப்பன் மேல குத்தமில்ல."

"அப்பாவுக்கு எப்பத் தெரியும்?"

"விழுந்த எடத்துக்கு மொதல்ல ஓடுனதே அவருதான். நெருப்புக்குள்ள கைய விட்டு வெளிய இழுத்துப் போட்டாரு. பேரு என்னன்னு கேட்டாரு. அந்தப் பையன் பேரச் சொன்னான், தண்ணி கேட்டான். தண்ணி வாரதுக்குள்ள போயிட்டான். மேலதிகாரி, எதிரி விமானம்னே எழுதிட்டேன், யாரும் பேசப்படாதுன்னுட்டாரு. இத்தன வருசமா வாய மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். கல்லுல எழுதப் போறாகன்னதும் பொறுக்கல."

ஆனந்தி தாயைப் பார்த்துக் கத்தினாள். "உனக்குத் தெரியும்! தெரிஞ்சும் கல்லு செதுக்குறப்ப வேடிக்கை பாத்தியா?"

"நீ அம்புட்டுச் சந்தோசமா இருந்த" என்றாள் இன்னாசியம்மாள். "என்னன்னு சொல்லச் சொல்ற?"

திரும்பும் பேருந்தில் நர்கீஸ் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். துப்புத் துலங்கினால் மனசு துள்ளும் என்று இத்தனை நாள் நம்பியிருந்தாள். இப்போது சுருளிவேலை முறைத்ததற்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

காலையில் கடை திறக்கும்போதே ஆனந்தி வாசலில் நின்றாள். தூங்காத கண்கள். கையில், முனியப்பன் நேற்று கொடுத்துவிட்டு வந்த பிரிண்ட். கல் வேண்டாம் என்று சங்கத்துக்குச் சொல்லிவிட்டாளாம்.

"காரணம் கேட்டாங்களா?" என்றார் முனியப்பன்.

"சுருளிவேலு மாமா சொன்னதுதான் நெசம்னேன். அப்ப உங்கப்பன் சொன்னது புளுகான்னு சிரிச்சாக. சிரிக்கட்டும். அவுகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. சொல்ல வேண்டிய எடம் பெங்களூருல இருக்கு."

நர்கீஸ் மெயிலைத் திறந்து கொடுத்தாள். ஆனந்தி ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள், முனியப்பன் அதை ஆங்கிலமாக்கினார், நர்கீஸ் தட்டினாள். சக்கரம், நெருப்பு, தண்ணீர் என்று எதையும் ஆனந்தி விட்டுவிடவில்லை. கடைசி வரி முடிந்ததும் முனியப்பன் தயங்கினார்.

"சுட்டவர் பேரு போடணும்னு கட்டாயம் இல்லம்மா. ஒரு பீரங்கிக்காரர்னு முடிச்சுக்கலாம். உங்கள யாரும் தேட மாட்டாங்க."

ஆனந்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்லுலதான் வேணாம்னேன் சார். இதுல போடுங்க. முழுப் பேரும் போடுங்க. ஊரு, தெரு, கதவு நம்பரு, எல்லாம்."

நர்கீஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சேவியரின் பெயரைத் தட்டினாள்.