பதினேழாம் சிப்பாயின் சிவப்பு

நாரந்தனைக் கிராம அலுவலர் கந்தோருக்குள் பிரியவதனி ஓடி வந்தபோது, அவள் கையிலிருந்த சோற்றுப் பார்சல் கிழிந்து மீன்குழம்பு முழங்கைவரை வழிந்துகொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை.

"அம்மா, என்ர மனுசனைக் கொல்லுகினம்! அப்புத்துரை ஐயா வீட்டுப் பனையில கட்டிவைச்சு அடிக்கினம். அவர்தான் ஐயாவைக் கொலை செய்தவராம். கெதியா வாங்கோ!"

சயந்தினி பேனாவுக்கு மூடி போட்டாள். ஊரார் இன்னமும் 'விதானை' என்று சொல்லும் அந்த உத்தியோகத்துக்கு அவள் வந்து நான்கு வருடம். அதற்குள் கோயில் நகைக் களவொன்றையும், எரித்த தோணியொன்றின் வழக்கையும் குரல் உயர்த்தாமல் பிடித்துக் கொடுத்திருந்தாள். பக்கத்து மேசையில் பயிற்சிக்கு வந்திருந்த கஜாலினிக்குக் குரலைத் தாழ்த்தவே தெரியாது. பரம்பரையில் முதன்முதலாகக் கம்பஸ் வாசல் மிதித்தவள் அவள். பட்டம் கிடைத்ததோடு கோபமும் கூடிவிட்டது.

"பொலிசுக்குப் போன் அடியும் கஜா. அடிச்சுப்போட்டு ஸ்கூட்டியை எடும்" என்றாள் சயந்தினி.

மூன்று பேரும் ஒரே ஸ்கூட்டியில் ஏறினார்கள். பின்னால் இருந்து பிரியவதனி காற்றோடு காற்றாகக் கத்திக்கத்திச் சொன்னாள்.

அவள் கணவன் சில்வெஸ்ரர் மண்டைதீவில் வள்ளங்களுக்கு வர்ணம் பூசுகிறவன். இந்தக் கிழமை அப்புத்துரையின் வீட்டுக் கதவு யன்னல்களுக்குப் பச்சை பூசிக்கொண்டிருந்தான். அப்புத்துரை மாத்தறையில் கடை வைத்திருந்த காலத்தில் ஒரு தோட்டத்துரை பங்களாவின் ஏலத்தில் வாங்கிய ஈயச் சிப்பாய்கள் அறுபத்துநான்கு, விரல் நீளத்தில், அவர் வீட்டுக் கூடத்து அலுமாரியில் நின்றன. சிவப்புக் கோட்டும் வெள்ளைப் பட்டியும் நூறு வருடத்தில் அங்கங்கே உதிர்ந்துபோயிருந்தன. போன மாதத்திலிருந்து கிழவர் அவற்றுக்கு நிறம் போட்டுக்கொண்டிருந்தார்.

"நிறம் பாத்துக் குடுக்கிறது என்ர மனுசன்தான். ஐயா குசினி யன்னலுக்கு உள்ளுக்க இருப்பார், இவர் வெளியில நிண்டு சொல்லுவார். 'சிவப்பு கூடிப்போச்சு, ஒரு சொட்டுத் தேயிலைச் சாயம் விடுங்கோ' எண்டு. பத்து வருசமா அங்க வேலை செய்யிறார் அம்மா. ஒருநாளும் குசினிப் படியைத் தாண்ட விட்டதில்லை."

"வள்ளத்துக்குப் பூசுற பெயின்டோ போட்டவை?" என்று கேட்டாள் சயந்தினி.

"அதுக்குத்தான் ஐயா விடேல்லை. இவர் நல்ல இனாமல் பெயின்ட் கொண்டுபோய்க் குடுத்தவர். மனுசன் விசரர் மாதிரிக் கத்தினதாம். பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர தண்ணிப் பெயின்ட்தான் வேணுமாம். ஏன் எண்டு ஆருக்குத் தெரியும்!"

ஸ்கூட்டி அப்புத்துரையின் படலைக்குள் திரும்பியது.

வீட்டின் பின்வளவில் இருபது பேர் நின்றார்கள். நடுப்பனையில் கயிற்றால் வரிந்து கட்டப்பட்டிருந்தான் சில்வெஸ்ரர். ஒரு கண் மூடிப்போயிருந்தது. வாயிலிருந்து இரத்தம் நூலாக நெஞ்சில் இறங்கியது. வலது கையின் மூன்று விரல்கள் விரல் வளையக்கூடாத பக்கம் வளைந்திருந்தன. மணிக்கட்டுவரை பச்சை வர்ணம், அதன்மேல் சிவப்பு. பக்கத்து வளவு பரமலிங்கம் பனைமட்டையை ஓங்கியபடி நின்றார்.

"அவிழுங்கோ" என்றாள் சயந்தினி.

"பிள்ளை, நீர் பேப்பரிலை கையெழுத்து வைக்கிற ஆள். இதுக்க வராதையும். பொலிஸ் வரட்டும்."

"வரட்டும். வரேக்க இவர் உயிரோட இல்லாட்டி இரண்டு கொலை. முதலாவதுக்கு ஆளைத் தேடவேணும். இரண்டாவதுக்கு இப்பவே பேர் எழுதுறன்." அவள் கொப்பியைத் திறந்தாள். "பரமலிங்கம். தகப்பன் பேர் என்ன அண்ணை?"

மட்டை கீழே இறங்கியது. ஆனால் கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை. கஜாலினி பாய்ந்து முடிச்சில் கை வைத்தாள். இரண்டு பேர் அவளைப் பிடித்துத் தள்ளினார்கள். அவள் நிலத்தில் விழுந்து எழும்பி, கையில் அகப்பட்டவனின் கையைக் கடித்தாள்.

"கஜா, வாரும். அவிழ்க்க வேணுமெண்டா முதல்ல பாக்க வேணும்" என்றாள் சயந்தினி.

பின்வளவு மூலைக் கொட்டிலுக்குள் அப்புத்துரை மல்லாந்து கிடந்தார். இடது நெற்றியிலிருந்து காதுவரை மண்டை உள்வாங்கியிருந்தது. ஈ மொய்த்தது. தலைமாட்டில் இரத்தம் பூசிய செங்கல். சயந்தினி சேலையை ஒதுக்கிக் குந்தியிருந்து கல்லின் ஆறு பக்கத்தையும் பார்த்தாள். பிறகு கிழவரின் வேட்டிக் கரையை. பின்கரையில், குதிக்கால் பக்கமாக, ஒரு சாண் நீளத்துக்குப் பச்சை.

"எத்தினை மணிக்குக் கண்டது?"

"பத்தேகாலுக்கு இவன் 'ஐயோ' எண்டு கத்தினவன். நான் மதிலால பாய்ந்து வந்தன். பக்கத்தில நிக்கிறான்" என்றார் பரமலிங்கம்.

பனையடியிலிருந்து சில்வெஸ்ரர் முனகினான். "ஒன்பதரைக்குக் குசினிக் கதவு பூசி முடிச்சனான், அம்மா. ஐயா பதினேழாம் ஆளை யன்னலால காட்டினவர். சிவப்புச் சரியெண்டு சொன்னனான். காஞ்சாப் பிறகு அலுமாரியில வைக்கப் போறன் எண்டார். நான் தின்னர் வாங்கக் கடைக்குப் போட்டன். வந்து பாத்தா..." இருமலில் ஒரு பல் வெளியே வந்தது.

குசினி யன்னலில் கிழவர் நிறம் தொட்டுப் பார்க்கிற காகித மட்டை இருந்தது. சிப்பாய்களின் இலக்கம், பக்கத்தில் தொட்டுப் பார்த்த நிறங்கள். ஒன்று முதல் இருபதுவரை வேலை முடிந்ததென்று சரி போட்டிருந்தது. பதினேழுக்கு எதிரே நான்கு சிவப்புகள். நாலாவதைச் சுற்றி வட்டம், 'தே. சாயம் 1' என்று கிழவரின் நடுங்கும் எழுத்து. குசினிக் கதவின் புதுப்பச்சையில் கீழே ஒரு இழுவை, வேட்டி நூலோடு. மேலே, இடுப்புயரத்துக்குச் சற்று மேல், ஒரு கையின் அகலத்துக்கு வழித்தெடுத்த தடம். அதில் இரண்டு கறுத்த மயிர்கள் ஒட்டியிருந்தன.

கஜாலினி சயந்தினியின் காதுக்குள் சொன்னாள்: "அக்கா, பரமலிங்கம்தான்! வேலிக் காணிக்காக ஐயாவோட இரண்டு வருசமா வழக்கு, கோடு கச்சேரி. கையைப் பாருங்கோ, உள்ளங்கை முழுக்கப் பச்சை!"

"அவற்ற கையில மட்டுமோ?"

கஜாலினி திரும்பிப் பார்த்தாள். இருபது பேரில் பதினொரு பேரின் கைகளில் பச்சை இருந்தது. சில்வெஸ்ரரைப் பிடித்தவன், கட்டியவன், அறைந்தவன், எல்லாருக்கும் அவனே பங்கு பிரித்துக் கொடுத்திருந்தான்.

கூடத்தில் கிழவரின் மருமகன் ஜெயரூபன் கதிரையில் குனிந்து அழுதுகொண்டிருந்தான். சுவிஸிலிருந்து வந்து பன்னிரண்டு நாள். வேர்த்து ஒழுகுகிற அந்தப் பகலில் முழுக்கைச் சேட்டு, மணிக்கட்டில் பொத்தான் பூட்டியிருந்தது. அங்கத்தைய பழக்கமாக்கும் என்று கஜாலினி நினைத்தாள்.

"நான் எட்டு மணிக்கே வேலணைக்குப் போட்டன். திரும்பி வரேக்க தெருவில சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தனான். பின்பக்கம் போகேல்லை, அவனைத் தொடவும் இல்லை. இரத்தம் பாக்க எனக்கு ஏலாது" என்றான்.

சயந்தினி அலுமாரியைத் திறந்தாள். அறுபத்துநான்கு சிப்பாய்களும் எட்டு வரிசையில் துவக்கும் மேளமுமாக நின்றார்கள். அவள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு வாசலில் குவிந்து நின்றவர்களை உள்ளே வரச் சொன்னாள். பரமலிங்கத்தை முன்னுக்கு நிற்கச் சொன்னாள்.

"சில்வெஸ்ரரின்ர கை மணிக்கட்டுவரை ஈரப் பச்சை. அவரைத் தொட்ட ஒவ்வொருத்தருக்கும் ஒட்டியிருக்கு. அந்தக் கையால செங்கல்லைத் தூக்கி அடிச்சிருந்தா கல்லில ஏன் ஒரு சொட்டுப் பச்சை இல்லை?"

பரமலிங்கம் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"வேட்டிக் கரையில பச்சை. கதவின்ர அடியில வேட்டி நூல். உயிரோட நடக்கிற மனுசன் ஈரக் கதவில குதிக்காலை உரசமாட்டார். அவரைக் கக்கத்தில பிடிச்சுப் பின்பக்கமா இழுத்துக்கொண்டு போயிருக்கினம், வீட்டுக்குள்ளயிருந்து கொட்டிலுக்கு. அப்ப கொலை நடந்தது வீட்டுக்குள்ள, கல்லில இரத்தம் பூசினது பிறகு."

"வீட்டுக்குள்ள எங்க?" என்றார் பரமலிங்கம். அவர் குரல் இறங்கியிருந்தது.

"இங்க." அவள் மூன்று சிப்பாய்களை எடுத்து மேசையில் நிறுத்தினாள். "பதினாறு, பதினேழு, பதினெட்டு. மூன்றும் நிறம் போட்டு முடிஞ்சதெண்டு மட்டையில இருக்கு. பதினேழு இண்டைக்குக் காலமை முடிஞ்சது. இப்ப பாருங்கோ. மூன்றின்ர நெஞ்சிலயும் பழைய ஈயம் தெரியுது. போட்ட நிறம் எங்க? முடிஞ்ச மற்றப் பதினேழு பேரிலயும் நிறம் அப்படியே இருக்கே."

அவள் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்தாள். இருபதாம் சிப்பாயை எடுத்து, கோட்டில் மெதுவாக ஒரு தடவை துடைத்தாள். சிவப்பு கைக்குட்டைக்கு வந்தது. அடியில் நூறு வருடத்து வெடிப்பும் பழைய வர்ணமும் ஒரு கீறலும் கெடாமல் நின்றன.

"ஐயா தண்ணிப் பெயின்டுக்குப் பிடிவாதமா நிண்டது இதுக்குத்தான். தனக்குப் பிறகு வாறவன் கழுவிப்போட்டு உண்மையான சிப்பாயைப் பாக்க வேணும். இந்த அலுமாரி மூலையில அவற்ற தலையை அடிச்ச ஆள், சிப்பாய்களில தெறிச்ச இரத்தத்தை ஈரச்சீலையால துடைச்சிருக்கிறார். இரத்தத்தோட நிறமும் போச்சு. பதினெட்டாம் ஆளின்ர மேளத்து இடுக்கில மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கு, பாருங்கோ. சில்வெஸ்ரருக்கு இந்த நிறம் தண்ணியில போகும் எண்டு தெரியும். நிறம் பாத்துக் குடுத்ததே அவர். அவர் ஈரச்சீலை தொட்டிருக்கமாட்டார். அந்தப் பச்சைக் கையோட இந்தக் கூடத்துக்கு வந்திருந்தா கதவில, கண்ணாடியில, எங்கையாவது ஒரு அடையாளம் இருக்கும். ஒண்டும் இல்லை."

"இருக்காது!" கஜாலினிக்கு அடக்க முடியவில்லை. "பத்து வருசமா அந்தாளைக் குசினிப் படி தாண்ட விடேல்லை. கொலைகாரனுக்கும் அது தெரியும். சில்வெஸ்ரரின்ர தலையில பழியைப் போடவேணுமெண்டா பிணத்தைப் பின்வளவுக்குத்தான் கொண்டுபோக வேணும்!"

சயந்தினி அவளைப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு மருமகன் பக்கம் திரும்பினாள்.

"இழுத்த ஆளின்ர முன்னங்கை கதவில பட்டிருக்கு, மயிரும் ஒட்டியிருக்கு. கதவுக்குப் பூசினது இனாமல், சவுக்காரத்துக்குப் போகாது. அடிச்ச ஆக்களுக்குப் பச்சை இருக்கிறதுக்குக் காரணம் இருக்கு. நீங்கள் அடிக்கேல்லை, பின்பக்கம் போகேல்லை எண்டு சொன்னனீங்கள். சேட்டுக் கையை மடியுங்கோ, ஜெயரூபன்."

அவன் மடிக்கவில்லை. அழுகை நின்றிருந்தது. பரமலிங்கம் எட்டி அவன் கையைப் பிடித்துப் பொத்தானைப் பிய்த்தார். முழங்கைக்குக் கீழே தோல் உரியத் தேய்த்திருந்தான். தேய்த்த புண்ணுக்கு நடுவில் பச்சை.

"போனமுறை வரேக்க அறுபத்துநாலும் பழைய நிறத்தோட, கை படாதது எண்டு படம் எடுத்து லண்டனில விலை பேசினனான்!" ஜெயரூபன் கத்தினான். "கை படாததுக்குத்தான் மதிப்பு. பூசினது குப்பை. பத்து நாளா யாழ்ப்பாணத்தில அலைஞ்சுபோட்டு இண்டைக்குத்தான் அலுமாரியைப் பாக்கிறன், கிழவன் புதுச்சிவப்புப் பூசி வைச்சிருக்கு! 'வடிவா இருக்கோ மருமோன்' எண்டு கேட்டுது. பிடரியில பிடிச்சு ஒரு அடி... பிறகு நிப்பாட்டேலாமல் போச்சு."

"துடைக்கேக்க புதுச்சிவப்புக் கழண்டு, அடியில பழசு அப்படியே இருந்ததல்லோ?" என்று சயந்தினி கேட்டாள்.

அவன் முகம் கோணியது. அந்தக் கேள்வியைத்தான் காலையிலிருந்து அவன் தன்னைத் தானே கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். அலுமாரிக் கண்ணாடியில் முட்டியால் குத்தினான். கூரான கண்ணாடிக் கீலம் ஒன்று கையோடு வந்தது. அதை ஓங்கிக்கொண்டு சயந்தினியின் கழுத்துக்குப் பாய்ந்தான். அவள் பின்வாங்கக்கூட நேரமில்லை. கஜாலினி கதிரையை இரண்டு கையாலும் தூக்கி அவன் முகத்தில் அடித்தாள். மூக்கு உடைகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அவன் விழுந்த பிறகும் இன்னொன்று போட ஓங்கினாள்.

"காணும் கஜா" என்றாள் சயந்தினி. "கயிறு பனையில இருக்கு. அதை அவிழ்த்துக்கொண்டு வாரும்."

சில்வெஸ்ரரைக் கிடத்தியபோது பரமலிங்கம் வந்து, "உள்ளுக்குக் கொண்டுவாங்கோ, ஃபானுக்குக் கீழ படுக்க வைப்பம்" என்றார்.

"வேண்டாம்" என்றாள் பிரியவதனி. அவள் கணவனின் உடைந்த கையை மடியில் வைத்திருந்தாள். "உள்ளுக்கு விடாததாலதான் இண்டைக்கு மனுசன் தப்பினவர்."

அம்புலன்சின் சத்தம் தெருமுனையில் கேட்டது. பின்னாலேயே ஜீப். கிணற்றடியில் ஆண்கள் சவுக்காரம் போட்டுப் போட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். நுரை வெள்ளையாக வந்தது. பச்சை அசையவில்லை. ஒருவன் மண்ணால் தேய்த்தான், ஒருவன் கல்லால். பனையடியில் சில்வெஸ்ரர் காலையில் வாங்கி வந்த தின்னர்ப் போத்தல் உடையாமல் கிடந்தது.

பரமலிங்கம் தலை சொறிந்துகொண்டு வந்தார். "பிள்ளை... அந்தத் தின்னரிலை கொஞ்சம் தாருமன். ஜீப் வருது."

பிரியவதனி போத்தலை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். அவர் இரண்டு பச்சைக் கைகளையும் ஏந்தினார். அவள் அந்தக் கைகளுக்கு ஒரு முழம் தள்ளி, கடைசிச் சொட்டுவரை மணலில் ஊற்றினாள்.

சயந்தினி கொப்பியைத் திறந்து, மூடியிருந்த பேனாவை எடுத்தாள்.

"தகப்பன் பேர் இன்னும் சொல்லேல்லை, அண்ணை."