இடது கால் ஷூவைக் காணோம்

மாலை ஐந்து மணிக்குத் தச்சர் வீட்டில் கிளம்பிய கூச்சல் தெருமுனை வரை கேட்டது. எதிர்வீட்டுப் பரிசோதகர் அக்காவுக்கு இருப்புக் கொள்ளுமா? ரயிலில் டிக்கெட் பரிசோதித்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு பரிசோதிக்க ரயில் இல்லாவிட்டால் என்ன, தெரு இருக்கிறதே! சர்க்கரை கடன் கேட்கிற சாக்கில் ஒரு காலி டம்ளரோடு கிளம்பினார்.

நாளை பள்ளி திறப்பு. தச்சர் மனைவி வீட்டையே தலைகீழாக்கி அடுக்கியிருந்தாள். பைக்கு ஒரு ஆணி, தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு தட்டு, எல்லாவற்றிலும் பெயர்ச்சீட்டு. வாசலருகே புது ஷூ அலமாரி. தச்சர் ஊருக்கெல்லாம் அலமாரி செய்வார். சொந்த வீடு என்றால் மட்டும் கை வராது. அக்கா வீட்டு அடுப்படி அலமாரிக்கு அளவெடுக்க என்று குக்கரையே பட்டறைக்குத் தூக்கிப் போய், ஒரு வாரம் மறந்த மகான். இந்த ஷூ அலமாரியை இன்று காலையில் பட்டறையில் அடித்து முடித்து, மதியம் கொண்டுவந்து வைத்ததே மனைவியின் வாய்க்குப் பயந்துதான்.

"வாங்கக்கா, நீங்களே கேளுங்க!" என்றாள் அவள். "நேத்து வாங்கின புது ஷூ. வலது இருக்கு, இடதைக் காணோம். எல்லாம் இவ வேலை. புது ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு ஒரே அழிச்சாட்டியம். ஷூ வர்ற வரைக்கும் சைக்கிளுக்குப் பூட்டுதான்!"

மகள் மூக்கை உறிஞ்சினாள். "நான் எடுக்கலை."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். விசாரணை தொடங்கிவிட்டது.

"கடைசியா எப்பப் பார்த்தே?"

"காலையில. டப்பாவுல ரெண்டும் இருந்துச்சு."

"அப்புறம்?"

"நோட்டுக்கு அட்டை போட உக்கார வெச்சாங்க. எந்திரிக்கவே விடலை."

"நாய்க்குட்டி தூக்கிட்டுப் போயிருக்கும்," என்று கட்டிலுக்கு அடியிலிருந்து தச்சர் குரல் வந்தது. பழைய செருப்பை மென்றுகொண்டிருந்த நாய்க்குட்டி தலையை நிமிர்த்திப் பார்த்தது.

மனைவி, பின்னால் விழுந்திருக்குமோ என்று அலமாரியை இழுத்தாள். லொடக்.

"புது மரம். அப்படித்தான் பேசும்," என்றார் தச்சர்.

அக்காவின் புருவம் ஏறியது. "அலமாரி அம்சமா இருக்கே தம்பி. எதை வெச்சு அளந்தீங்க?"

"எல்லாம் கண் அளவுதாங்கக்கா. பாப்பா போன வருஷம் போட்ட ஷூதான் மனசுல." சட்டைத் தூசியைத் தட்டியபடி பெருமையாக எழுந்தார்.

அக்கா வாசலில் கிடந்த அந்தப் பழைய ஷூவை எடுத்து அலமாரியின் ஓர் அறையில் வைத்தார். அது உள்ளே போய் ஒடுங்கிக்கொண்டது. முன்னால் நாலு விரற்கடை காலி. புது வலது ஷூவை வைத்தார். குதிகால் பலகை விளிம்போடு கச்சிதமாக நின்றது.

"சுத்தியல் கொண்டாங்க."

"எதுக்குக்கா?"

"குற்றவாளி நீங்கதான். டிக்கெட் இல்லாதவன் நாலு பாக்கெட்டையும் துழாவி நாடகம் போடுவான். உங்க பொண்ணு எடுக்கலைன்னு ஒரே வார்த்தைதான் சொன்னா; அப்பவே அவளை விட்டுட்டேன். பிள்ளை கால் ஒரு வருஷத்துல இவ்ளோ வளர்ந்திருக்கு. உங்க கண் அளவுக்கு அது எப்படித் தெரியும்? குக்கர் போன வழியிலதான் ஷூவும் போயிருக்கு. அலமாரி ஷூவோட அளவுக்கு இருக்கு. ஷூ எங்கே? இழுத்தப்ப லொடக்குன்னது மரம் இல்லை; கீழ பாருங்க."

தரை கழுவும் தண்ணீர் ஏறாமலிருக்க, அடித்தட்டுக்குக் கீழே நாலாபுறமும் பலகை அடைத்திருந்தது. தச்சரின் முகம் மாறியது. "ஐயோ... அளவுக்குக் கொண்டு போனதை, கைக்கு இடைஞ்சலா இருக்கேன்னு அதுல ஒதுக்கி வெச்சேன். அந்த நேரம் பார்த்து இவ போன் பண்ணினா. அப்படியே ஆணி அடிச்சிட்டேன் போல!"

"ஓ, அதுக்கும் நான்தான் காரணமா?" என்றாள் மனைவி.

பலகை பெயர்ந்தது. மரத்தூளுக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது இடது ஷூ.

பிறகு மனைவி இடுப்பிலிருந்து சைக்கிள் சாவியை எடுத்து மகள் கையில் வைத்தாள். "அம்மா அவசரப்பட்டுட்டேன்டி."

மகள் கண்ணைத் துடைத்தாள். ஒரு பெயர்ச்சீட்டைக் கிழித்து எழுதி அப்பாவின் சட்டையில் ஒட்டினாள்: 'எடுத்தால் திருப்பி வைக்கவும்.'

அக்கா டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு விரைந்தார்.

"அக்கா, சர்க்கரை?"

"அது கிடக்கட்டும் போ. இதைச் சொல்ல இன்னும் நாலு வீடு இருக்கு."