செம்மண்புதூருக்கு நாற்பது தகடுகள்

பதினேழாவது தகடும் வெடித்துவிட்டது. உலகம்மாள் அதை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனம்கூட இல்லாத படலம், வற்றிய குளத்து வண்டலைப் போலப் பாளம் பாளமாகப் பிளந்திருந்தது. அதைக் கழிவுப் பெட்டியில் வைத்தாள்.

அந்தச் சீமையில் நீரீர்ப்புத் தகடு இல்லாத கூரையைப் பார்ப்பது இப்போது அபூர்வம். தோய்ப்புப்பொறி கண்ணாடியைக் கரைசலில் முக்கி, நத்தை வேகத்தில் மேலே தூக்கும். ஒட்டிய கரைசல் இறுகிப் படலமாகும். பிறகு சூளையில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தக் கண்ணாடி காற்றில் போகிற ஈரத்தைச் சும்மா விடாது. இழுத்து, தன்மேல் பரப்பி, கீழே தொட்டியில் வழியவிடும். குழாயடியில் குடத்தோடு சண்டை போட்ட காலமெல்லாம் மலையேறிவிட்டது.

செம்மண்புதூரில் மட்டும் மலையேறவில்லை. அது உலகம்மாளின் ஊர். யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்று இரண்டு கோஷ்டிகள் முறைத்துக்கொண்டதில், தகடு கேட்டு எழுதிய மனு கடைசியாகப் போய்ச் சேர்ந்தது. எட்டு நாளைக்கு ஒரு லாரித் தண்ணீர்தான். மாதக் கடைசிக்குள் நாற்பது தகடு வந்து சேராவிட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அதிகாரிகள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். தகடு செய்கிற இடத்திலேயே வேலை பார்த்துக்கொண்டு சொந்த ஊருக்குச் செய்யத் துப்பில்லையே என்று அவளுக்கு வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மேலாளர் அருள்ராஜ் கரைசலைத்தான் குற்றம் சொன்னார். மூன்று தடவை மாற்றியாயிற்று. வெள்ளிக்கிழமைத் தகடுகள் மட்டும் பாதிக்கு மேல் தேறின. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நல்ல நாள் என்று பொறிக்குக் குங்குமம் வைத்ததோடு சரி.

உலகம்மாளுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த வெள்ளியன்று, பொறியைச் சுற்றி நின்ற பன்னிரண்டு பெண்களின் முதுகிலும் ஈரக்கூந்தல் நுனிமுடிச்சோடு தொங்குவதைக் கவனித்தாள். ஈரத்தலையோடு உள்ளே வரக்கூடாது என்பது ஆலையின் சட்டம். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்காமல் எவள் வேலைக்கு வருவாள்? நேரே மேலாளரிடம் போனாள்.

"சார், படலம் இறுகக் காத்துல ஈரம் பத்தல. இருந்த ஈரத்தத்தான் ஊரெல்லாம் மாட்டின நம்ம தகடுகளே இழுத்துருச்சே. வெள்ளிக்கிழம இந்தத் தலைகள்ல இருக்கிற ஈரம்தான் காப்பாத்துது."

அருள்ராஜ் சிரித்தார். அந்தச் சட்டத்தைப் போட்டவரே அவர்தான். காற்றின் ஈரம் சேர்ந்தால்தான் கரைசல் இறுகும் என்று எப்போதோ படித்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், சிரிப்பு பாதியில் நின்றது. என்னமும் செய்துகொள்ளுங்கள், வீணாய்ப்போனால் தன்னைக் கேட்கக் கூடாது என்றார்.

திங்கள் முதல் பன்னிரண்டு பேரும் தினமும் தலைக்குக் குளித்துவிட்டு வந்தார்கள். போதாக்குறைக்குப் பொறியைச் சுற்றி ஈரச் சேலைகளைக் கொடிகட்டித் தொங்கவிட்டார்கள். நான்கே நாளில் நாற்பது தகடும் கீறல் இல்லாமல் இறங்கின.

செம்மண்புதூர்க் கூரைகளில் அவற்றை மாட்டிய மறுநாள் காலையில் தொட்டிகளில் தண்ணீர் நின்றது. முறைத்துக்கொண்ட இரண்டு கோஷ்டியும் ஒரே செம்பில் வாங்கிக் குடித்தன. உலகம்மாள் வாய்விட்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

மூன்றாம் நாள் அக்கா மாரிச்செல்வி போனில் கூப்பிட்டாள். அவளைக் கட்டிக்கொடுத்தது கிழக்கே அடுத்த ஊர். மேற்கேயிருந்து வீசும் மேல்காற்று செம்மண்புதூரைத் தாண்டித்தான் அங்கே போகும்.

"ஏட்டி உலகு, ரெண்டு நாளா எங்க தொட்டியில சொட்டுத் தண்ணி இல்லட்டி. தகடு கெட்டுப்போச்சா?"

தகட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று உலகம்மாளுக்குத் தெரியும். அக்காவிடம் பொய் சொல்ல வரவில்லை. நேற்றுவரை அங்கே வந்த ஈரம் இப்போது தன் வீட்டுத் தொட்டியில் கிடக்கிறது என்று ஒளிக்காமல் சொன்னாள்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு" என்றாள் மாரிச்செல்வி. "எங்க ஊருக்கு எம்பது தகடாப் போட்டுக் குடுத்துரு. மிச்சம் மீதி வாரதையாவது நாங்க புடிச்சுக்கிடுதோம்."

எண்பதோடு இது நிற்குமா என்று உலகம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். அக்காவின் ஊருக்கும் கிழக்கே, கடல்வரைக்கும் ஊர்கள் இருந்தன.