பின்பக்கம் தாழ்ந்த கார்

ஃபோன் அலறியது.

காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த ஸ்பேனர் அக்கா, கையை மட்டும் வெளியே நீட்டி எடுத்தாள். ஆறு வருடமாய் ஒர்க்‌ஷாப் நடத்துகிறாள். நிஜப் பெயர் அவளுக்கே அடிக்கடி மறந்து போகும்.

"அக்கா... என் புருஷன் என்னைக் கொல்லப் பாக்கறார்."

பக்கத்துத் தெரு கணக்கு டீச்சரின் குரல்.

"அதைப் போலீஸ்லதானே சொல்லணும், டீச்சர்?"

"காரை வச்சுக் கொல்லப் பாக்கறார். அதான் மொதல்ல உங்ககிட்ட."

பத்து நிமிடத்தில் கார் வந்தது. வாசலில் இருந்த வேகத்தடையில் ஏறி இறங்கியபோது, 'டொக்... டொக்...' என்று யாரோ கதவைத் தட்டுவது போல் சத்தம்.

டீச்சர் இறங்கினாள். முகம் வெளிறியிருந்தது.

மூன்று மாதமாய் இந்தச் சத்தமாம். பிரேக் அடித்தால் கார் மூக்கைத் தரையில் குத்துகிறதாம். வளைவில் திருப்பினால் சாய்ந்துகொண்டு ஒரு பக்கமாய் இழுக்கிறதாம். இன்று காலை பாலத்து வளைவில் கைப்பிடிச் சுவரை உரசிவிட்டுத்தான் நின்றிருக்கிறது.

புருஷனிடம் சொன்னால், "ஒண்ணுமில்ல, ஓட்டு" என்கிறாராம்.

"ஊருக்கெல்லாம் ஸ்பேர் பார்ட்ஸ் விக்கிற மனுஷன்... என் வண்டிக்கு மட்டும் ஒரு போல்ட்டு மாத்தலை. போன மாசம் என் பேர்ல இன்சூரன்ஸ் வேற எடுத்தார். கூட்டிக் கழிச்சுப் பாத்தேன் அக்கா, கொலைதான் விடையா வருது."

அக்கா காரின் முன்னால் வந்தாள். முன்பக்க மூலையை இரண்டு கையாலும் அழுத்திவிட்டு எடுத்தாள். ஒரு தடவை எழும்பி அடங்க வேண்டிய கார், நாலு தடவை ஆடியது.

குனிந்து பார்த்தாள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிந்து, தூசி அப்பிக் கிடந்தது. டயரைத் தடவினாள். ஒரே சீராய் இல்லை. அங்கங்கே குழி குழியாய்த் தேய்ந்திருந்தது.

"யாரும் அறுக்கலை, கழட்டலை டீச்சர். தானா தேஞ்சு போயிருக்கு. இப்படியே ஓட்டினா ஆபத்துதான். ஆனா கொலை முயற்சி இல்ல."

டீச்சருக்கு உயிர் வந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

ஆனால் அக்கா அதோடு விடவில்லை. நாலடி தள்ளிப் போய்க் காரையே பார்த்தாள்.

"பின்பக்கம் தாழ்ந்திருக்கே... ஸ்பிரிங் உக்காந்துடுச்சு. டிக்கில தினமும் என்ன ஏத்தறீங்க?"

"நோட்டுப் புத்தகம்கூட வைக்கறதில்லை. பூட்டு கெட்டுப் போச்சுன்னு அவர் சொன்னார்."

"அவர் எப்ப வண்டி எடுப்பார்?"

"விடிஞ்சும் விடியாம, வாக்கிங் போக."

"நடக்கறதுக்கு எதுக்கு கார்?"

டீச்சர் டிக்கியைத் திரும்பிப் பார்த்தாள்.

அக்கா ஸ்க்ரூடிரைவரால் நெம்பினாள். டிக்கி திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை. விரிப்பில் மட்டும் துருக்கறை. வட்டமாய்... பெரிய வட்டமாய்.

டீச்சர் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தாள்.

"விட்டம் அறுபது சென்டிமீட்டர்."

அக்காவுக்குச் சுரீரென்றது. மூன்று மாதமாய் ஊரில் பாதாளச் சாக்கடை மூடிகள் ஒவ்வொன்றாய்க் காணாமல் போகின்றன. போன வாரம் தபால்காரர் சைக்கிளோடு திறந்த குழிக்குள் விழுந்து கால் எலும்பு முறிந்து கிடக்கிறார். அவள் தம்பிதான் இன்ஸ்பெக்டர். காயலான் கடை காயலான் கடையாய் ஏறி இறங்கியும் ஒரு மூடிகூட அகப்படாமல், மேலதிகாரியிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறான்.

தம்பிக்கு ஃபோன் போட்டாள்.

அரை மணி நேரத்தில் டீச்சர் புருஷனின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைப் பின்கட்டு திறக்கப்பட்டது. சுவரோரமாய் முப்பத்தெட்டு இரும்பு மூடிகள், அழகாய் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

டீச்சர் புருஷனையே பார்த்தாள். சொந்தச் சரக்கைச் சொந்த வண்டிக்குப் போட்டால் வியாபாரம் விளங்காது என்று அவர் அப்போதும் முனகினார்.

இன்ஸ்பெக்டர் எண்ணி முடித்துத் தலையைச் சொறிந்தான்.

"முப்பத்தெட்டு காணோம். முப்பத்தெட்டும் இங்கயே இருக்கு. ஒண்ணைக்கூட விக்கலியா? அப்புறம் எதுக்கு சார் திருடினீங்க?"

கடைக்காரர் அவனைப் பரிதாபமாய்ப் பார்த்தார்.

"மூடியை வித்தா ஒரு தடவைதான் தம்பி லாபம். நான் குழியை வித்தேன்."

அக்காவுக்குப் புரிந்தது. அவள் ஒர்க்‌ஷாப் வாசலில் இந்த நிமிடம் எட்டு கார்கள் நிற்கின்றன. எட்டும் குழியில் இறங்கி அடி வாங்கியவை. எட்டுக்கும் ஷாக் அப்சார்பர் இந்தக் கடையில்தான் சொல்லி வைத்திருக்கிறாள்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பின் பின்கதவைப் பணிவாய்த் திறந்துவிட்டான்.

"ஏறுங்க சார். இதுலயும் ஷாக் அப்சார்பர் போயிடுச்சு. ஸ்டேஷன் வரைக்கும் பதினோரு குழி... நாக்கைக் கடிச்சுக்காம வாங்க, வாக்குமூலம் குடுக்கணும்."