வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

அறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் போடப்பட்டிருந்தது.

முதல் கதவில் கிளோடியா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பழைய கதவைக் கழற்றித் திருப்பிப் பூட்டியிருப்பார்கள் என்று நினைத்தாள். இரண்டாவது அறையிலும் அப்படியே இருக்கக் கண்டதும் ரோச் லைற்றை அடித்துக் கிட்டப் போய்ப் பார்த்தாள். உள்பக்கத்தில் முன்பு தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு துளைகள், மெழுகு வைத்து அடைத்தபடி. வெளிப்பக்கத்தில் புதுத் தாழ்ப்பாள். தடித்த இரும்பு. சத்தமில்லாமல் ஓட எண்ணெய் பூசியிருந்தது.

அவளுடைய அப்பா பேர்டி மட்டக்களப்பு டவுனில் பேர் எடுத்த தச்சர். மரத்தூளுக்குள் தவழ்ந்து வளர்ந்தவள் கிளோடியா. பதினாறு வருடமாக வீடு வாசல் பார்த்துக் கொடுக்கிற தொழிலில், வாங்க வருகிறவர்களுக்கு அவள் முதலில் சொல்வது அப்பா சொன்னதைத்தான். "பெயின்ற்றப் பாக்காதீங்க. பெயின்ற் பொய் சொல்லும். கதவப் பாருங்க." அதற்குப் பிறகு தன் சொந்த அனுபவத்தில் கண்டவற்றைச் சொல்வாள். வீட்டை மழை நாளில் போய்ப் பாருங்கள். பங்குக்காரர் எல்லாரையும் நேரில் காணுங்கள். பூட்டிக் கிடக்கிற அறை ஒன்று இருந்தால், அதைத் திறந்து காட்டும் வரைக்கும் எதற்கும் தலையாட்ட வேண்டாம்.

அதனால்தான் இந்தக் கார்த்திகை மழைக்குள் வந்திருந்தாள். தன்னாமுனையில் மெயின் றோட்டை விட்டு வாவிப் பக்கம் இறங்கும் ஒழுங்கையின் கடைசி வீடு அது. வெள்ளம் கடலுக்கு ஓட முகத்துவாரம் இன்னும் வெட்டவில்லை. வாவி கரையேறி வேலிக் கம்பிவரை வந்து நின்றது. பின்னேரம் மூன்று மணிதான். ஆனால் வானம் கறுத்துக் கவிழ்ந்து, கரண்டும் போய், வீட்டுக்குள் மைம்மல் பொழுதுபோல இருந்தது. ஓட்டில் மழை ஓயாமல் கொட்டியது. சுவரெங்கும் பினைல் மணம். அதற்கு அடியில், ஈரம் பட்ட கூனிக் கருவாட்டுச் சாக்கை அவிழ்த்தாற்போல வேறொரு மணம், ஒரு அறையில் வந்து மறு அறையில் காணாமல் போய் மறுபடி வந்தது.

வீடு வேண்டுமென்று கேட்டவர்கள் பிறின்சும் மதுஷாவும். வந்தாறுமூலைக் கெம்பஸில் பிறின்சுக்கு வேலை. மதுஷாவுக்கு இது ஏழாம் மாதம். பிள்ளை பிறக்க முன்னம் வாடகை வீட்டை விட்டுவிட வேண்டுமென்று நின்றார்கள். நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எந்த வீட்டையும் ஒரு மணித்தியாலம் முந்தி வந்து தனியாகப் பார்ப்பது கிளோடியாவின் வழக்கம்.

வீட்டுக்காரர் யோசேப் அறுபது கடந்த மெலிந்த மனிதர். கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டிய வெள்ளைச் சேட். மரியாதையான பேச்சு. அவள் எந்த அறைக்குள் நுழைந்தாலும் இரண்டு எட்டுப் பின்னால் நின்றார். அவள் வெளியே வந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். எண்ணெய் பூசிய இரும்பு சத்தமில்லாமல் ஓடிக் கடைசியில் மட்டும் 'டக்' என்றது.

"ஏன் அண்ணன், ஆளில்லாத அறையெல்லாம் பூட்டுறீங்க?"

"பழகிற்றுது தங்கச்சி."

மண்டபத்து மேசையில் வீட்டு உறுதிப் பத்திரத்தை விரித்து வைத்தார். வீடு இரண்டு பேர் பெயரில் இருந்தது: யோசேப், அவருடைய அக்கா, பென்சன் எடுத்த ரீச்சர் மார்கிறட். பிரிக்காத பங்கு. உறுதிக்குக் கீழே, அக்காவுக்காகத் தம்பியே விற்கலாமென்று எழுதிய அற்றோணித் தத்துவம். அதன் அடியில் கையொப்பம் இல்லை. நீல மையில் பெருவிரல் அடையாளம் ஒன்று.

கிளோடியா அந்த ரேகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளிம்பு மிகக் கூர்மையாக இருந்தது. உயிருள்ள விரலைத் தாளில் வைத்தால் கொஞ்சமாவது இழுபடும், நடுங்கும். இதில் ஒரு இழுவை இல்லை. முத்திரை குத்தினாற்போல இருந்தது.

"மார்கிறட் அக்கா ரீச்சரா இரிந்தவ தானே? ஏன் கைநாட்டு?"

யோசேப் மெதுவாகச் சிரித்தார். "கையொப்பம் வைச்ச ஆள் நாளைக்கு மனசு மாறலாம். விரலுக்கு மனசு இல்ல தங்கச்சி."

போய்விடலாம் என்று அவளுக்கு முதன்முதலாகத் தோன்றியது அப்போதுதான். ஆனால் வயது போன ஒரு பெண் இந்த வீட்டுக்குள் எங்கேயோ இருக்கிறாள் என்ற நினைப்பு அவளை நிறுத்தியது.

"நான் அவவ ஒருக்கா பாக்கணும் அண்ணன். பங்குக்காரரக் கண்ணால காணாம நான் ஆருக்கும் வீடு எடுத்துக் குடுக்கிறல்ல."

"அவ படுத்திருக்கா."

"வாசல்ல நிண்டு ஒரு வார்த்தை கதைச்சாப் போதும்."

குசினிக்கு அந்தப் பக்கம் எங்கேயோ நகத்தால் பலகையைச் சுரண்டுவதுபோல ஒரு சத்தம் வந்தது. வந்து நின்றது.

"எலி," என்றார் யோசேப். பிறகு எழும்பினார். "சரி. வாங்க."

குசினியைத் தாண்டி ஒடுங்கிய நடை. கடைசியில் ஒரு கதவு. அதற்கு மூன்று தாழ்ப்பாள்கள், மேலே, நடுவில், கீழே. அந்த மணம் இங்கே பினைலுக்குள் ஒளியவில்லை. தொண்டைக்குள் வந்து குந்தியது. யோசேப் ஒவ்வொன்றாக இழுத்துக் கதவைத் தள்ளிவிட்டு அவளுக்கு வழி விட்டார்.

ஜன்னலுக்குப் பலகை அறைந்திருந்தது. கிளோடியா லைற்றை உயர்த்தினாள். சுவரோடு சாய்ந்து பாயில் ஒரு வயதான பெண். நரைத்த தலையை ஒழுங்காக வாரி முடிந்திருந்தாள். மடியில் இரண்டு கைகள்.

இரண்டு கையிலும் நாலு நாலு விரல்.

கிளோடியா திரும்பவில்லை. திரும்ப நேரமில்லை.

முதல் அடி முழங்காலில் விழுந்தது. சுத்தியலின் பின்பக்கம். எலும்பு உடைந்த சத்தம் அவளுக்குக் காதால் கேட்கவில்லை, பல்லால் கேட்டது. விழுந்தவளின் இடது கையை யோசேப் சப்பாத்துக் காலால் மிதித்தார். நெரித்தார். குனிந்து போனை எடுத்துச் சுவரில் அடித்தார். மூச்சுக்கூட வாங்கவில்லை. அதே மரியாதையான குரலில் பேசினார்.

"பிள்ளத்தாச்சி வாறா எண்டு சொன்னீங்க தானே. நீங்க சத்தம் போட்டா அடுத்த அடி அவட வயித்துல."

டக். டக். டக்.

இருட்டு. ஓட்டில் மழை. கால் ஒரு தனிப் பிராணிபோலத் துடித்தது. தான் எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. ஓட்டோவின் இரைச்சல் கேட்டது. கேற் திறந்தது. குரல்கள்.

"கிளோடியா அன்ரி எங்க?" மதுஷா.

"இப்பதான் போனா. வேற ஒரு வீடு பாக்கணுமாம். இஞ்ச எல்லாம் சரியெண்டு சொன்னா. வாங்க, மழைக்குள்ள நிக்காதீங்க."

அவர்கள் ஒவ்வொரு அறையாக வந்தார்கள். பிறின்ஸ் சுவரைத் தட்டினான். குழாயைத் திறந்து பார்த்தான். எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தபடி. காத்து நல்லா வருது என்றாள் மதுஷா. தொட்டிலை எங்கே கட்டுவது என்று இரண்டு பேரும் செல்லமாகச் சண்டை பிடித்தார்கள். நெருங்கி வந்தார்கள். குசினி. நடை.

"இது என்ன அறை?"

"ஸ்ரோறூம் மகள். பழஞ்சாமான், எலி செத்துக் கிடக்கு."

"பூட்டின அறையப் பாக்காம வீடு எடுக்கப்படாதெண்டு அன்ரி சொன்னவ."

கர்த்தரே. கிளோடியா தன் வாயால் சொன்ன ஒவ்வொரு புத்தியையும் சபித்தாள். கதவுக்கும் நிலத்துக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி. அதில் வெளிச்சக் கோடு. அந்தக் கோட்டில் மதுஷாவின் கால்கள் வந்து நின்றன. ஏழாம் மாதத்து வீக்கம். விரலிடுக்கில் மழை மண். அவற்றுக்குப் பின்னால் சப்பாத்துக் கால்கள். அந்தச் சப்பாத்தோடு ஒட்டித் தொங்கியது நீண்ட மன்னாக் கத்தியின் நுனி.

ஒரு சத்தம் போதும். பிறின்ஸ் இளம் பொடியன், மறிப்பான். மறிப்பானா? மதுஷா கத்திக்கு ஒரு முழத்தில் நின்றாள். கிளோடியாவின் தொண்டைக்குள் கத்தல் ஏறி வந்தது. அவள் தன் மேற்கையைக் கடித்தாள். தோல் கிழிந்தது. இரத்தம் வாய்க்குள் உப்பாக வந்தது. பின்னாலிருந்து நாலு விரல் கை ஒன்று அவள் வாயை மூடி இறுக்கியது.

வெளியே நடுத் தாழ்ப்பாளில் விரல் பட்ட சத்தம்.

கத்தியின் நுனி மெதுவாக மேலே போனது. கோட்டை விட்டு மறைந்தது.

"விடு மது," பிறின்சின் குரல் தூரத்தில். "ஸ்ரோறூம் தானே. ஓட்டோக்காரன் ஹோன் அடிக்கிறான். பிறகு வந்து பாப்பம்."

கால்கள் நின்றன.

போயின.

கேற்றைச் சாத்திய சத்தம். ஓட்டோவின் இரைச்சல் மழைக்குள் கரைந்தது. வாயிலிருந்த கை தளர்ந்தது. கிளோடியா அழுதாள். அவர்கள் தப்பிவிட்டார்கள். அது ஒன்று போதும் என்று அழுதாள்.

"நல்ல புள்ள நீ," என்று காதோரம் மார்கிறட் ரீச்சர் சொன்னாள். பாவிக்காமல் துருப்பிடித்த குரல். "முந்தி வீடு பாக்க வந்தவ கத்திப்போட்டா."

விழுந்தபோது அணைந்து போயிருந்த ரோச் லைற்றை அவள் தடவி எடுத்து மூலைப்பக்கம் அடித்தாள். தார்ப்பாயால் மூடிய ஒரு நீளம். அதன் நுனியில் கந்தோர் வேலைக்குப் போகிற பெண்கள் போடும் கறுப்புச் சப்பாத்து ஒன்று. சப்பாத்துக்குள் கால் இருந்தது.

டக். டக். டக்.

யோசேப் ஒரு கையில் அரிக்கன் லாம்போடும் மற்றக் கையில் மைப்பெட்டியோடும் வந்தார். கத்தி கக்கத்தில் இருந்தது. "அவங்களுக்கு வீடு பிடிச்சிற்றுது," என்றார். "சாட்சி ஒண்டு வேணும் தங்கச்சி. நீங்களும் பிறகு மனசு மாறுவீங்க."

கிளோடியா பின்வாங்கினாள். கால் வரவில்லை. நசுங்கிய கை ஊன்றவில்லை. முதுகு மார்கிறட்டின் மார்பில் மோதியது. வயதான கைகள் அவளைச் சுற்றி அணைத்தன. அவள் அந்த அணைப்புக்குள் ஒண்டினாள். இவள் விடமாட்டாள். இவளும் பெண். இவளுக்குத் தெரியும்.

அணைப்பு இறுகியது. மூச்சு முட்ட இறுகியது.

மார்கிறட் அவளுடைய வலது கையைப் பிடித்தாள். கறுத்துப்போன பலகைத் துண்டு ஒன்றைக் காலால் இழுத்து எடுத்து, அதன்மேல் அந்தக் கையை வைத்தாள். முதல் வகுப்புப் பிள்ளைக்குப் பென்சில் பிடிக்கப் பழக்குகிற பக்குவத்தோடு, சுண்டு விரலிலிருந்து ஒவ்வொன்றாக, நாலு விரலையும் உள்ளே மடித்துவிட்டாள். பெருவிரலை மட்டும் நேராக நீட்டித் தடவி வைத்தாள்.

"ஆடாத மகள்," என்றாள் அன்பாக. "ஆடினா அவன் ரெண்டு தரம் வெட்டவேணும்."

யோசேப் லாம்பைக் கிட்டப் பிடித்தார்.